அறுவை அவளுக்கு, ஆண்மை இவனுக்கோ?

கர்ப்பத்தடை வேண்டுமென்று பெரியார் முழங்கியபோது, மக்கள்தொகைக் கணக்கையோ பஞ்சத்தையோ அவர் முதற்காரணமாகக் காட்டவில்லை. பெண் விடுதலைக்காகவே கேட்டார். அந்த அளவுகோலை இன்று திண்டுக்கல் சீமையில் நீட்டிப் பார்ப்போமா?

நம் ஊருக்கு அடுத்த காந்திகிராமத்தில், குடும்பநலப் பணிக்கென 1964-லேயே ஒரு நிலையம் எழுந்தது. அந்நாள் சென்னை மாநிலத்தில் கருத்தடை அறுவைக்கு முன்வந்தோரில் பெரும்பாலோர் ஆண்கள்! ஆம், படிப்பறிவில்லாதவரென்று நாம் எள்ளும் நம் பாட்டன்மார்கள்தாம்.

பேரர்கள் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னோர், ஆயிரத்துக்கு ஒருவர்!

இடையில் 1975-77 நெருக்கடி நிலையின்போது வடநாட்டில் ஆண்களை வளைத்துப் பிடித்து அறுத்த கொடுமை நடந்தது. வன்மையாகக் கண்டிக்கிறோம். ஆனால் அதன்பின் அரசுகள் ஆணுக்கு அஞ்சின. கத்தியோ பெண்ணின் வயிற்றுக்குத் திரும்பிற்று.

"பலம் போய்விடுமே" என்கிறான் ஆண். எந்தப் பலம்? ஆண்மைக்குரிய சுரப்பு இரத்தத்தில் கலந்து செல்வது. கட்டப்படும் குழாய் வழியே அது செல்வதே இல்லை. கத்தியின்றிச் சிறு துளையிட்டு, அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து முடிக்கும் இச்சிகிச்சைக்குப்பின் அன்றே வீடு திரும்பலாம். மூன்று திங்கள் வேறு தடைமுறையைக் கையாண்டு, பிறகு விந்துச் சோதனை செய்துகொள்ள வேண்டும்; அவ்வளவே. பெண்ணுக்கோ வயிற்றைத் திறந்தாக வேண்டும். எளியதை விட்டுக் கடியதை அவள் தலையில் கட்டுவது எந்தப் பகுத்தறிவு?

அறுவை ஒன்றே வழியுமன்று. குழந்தையைத் தள்ளிப்போட விரும்பும் இளம் இணையருக்கு ஆணுறை உண்டு. பால்வினை நோயையும் தடுப்பது அது ஒன்றே. பத்தாண்டு பயன்தரும் காப்பர்-டி, மும்மாத ஊசியான அந்தரா, மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைப்பவை. இரத்தக் கொதிப்புள்ளவளுக்கு வழக்கமான மாத்திரை ஆகாது. ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டுபவளுக்கும் ஆகாது. ஆகவே மருத்துவரைக் கேட்டு அவளே தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளைப்பேற்று வலியில் கிடப்பவளிடம் "இரண்டு போதும், கையெழுத்திடு" என்பது தேர்வா? நிரந்தர முறையை மாற்றியமைப்பது உறுதியற்ற காரியமாயிற்றே!

மாமியாரை விடுங்கள், சோதிடனை விடுங்கள். மேடையில் பெண்ணுரிமை பேசி, வீட்டில் மனைவியை அறுவைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வாசலில் சுருட்டுப் புகைத்து நிற்கும் நம் தோழரைக் கேட்கிறோம்: இரண்டாவது குழந்தை பிறந்தபின் மருத்துவமனைச் சீட்டில் யார் பெயரை எழுதினீர்?