சுகமாயிருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி



பாசலிலிருந்து 8ஆம் இலக்க டிராமில் ஏறினால், வேறு வண்டி மாறாமலே ஜேர்மனியிலுள்ள வைல் அம் ரைனில் இறங்கலாம். வாடகை குறைவு என்று அந்தப் பக்கம் குடியிருந்து இந்தப் பக்கம் உழைப்பது இங்கே புதிய காரியமல்ல. இப்போது முதலாளி இல்லாமல் சுயமாக உழைக்கும் இளையோரும் அப்படி இருக்கிறார்கள். கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கிறவர், இணையத்தளம் செய்கிறவர், மொழிபெயர்க்கிறவர் என்று பலவிதம். கூடாரம் செய்து தன் கையால் பிழைத்த பவுலை வாசிக்கிற நமக்கு இது மதிப்பான தொழில்தான்.

ஆனால் ஒரு கேள்விக்கு அநேகரிடம் பதில் இல்லை: “நீ நாளைக்கு விழுந்தால், உன்னைத் தாங்குவது எந்த நாடு?”

சுவிசுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான சுதந்திர நடமாட்ட உடன்படிக்கையின்படி, ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு நாட்டின் சமூகக் காப்புறுதிக்குள் மட்டுமே இருப்பார். இரண்டு நாடுகளில் சுயதொழில் செய்பவர், குடியிருக்கும் நாட்டில் தன் வேலையில் 25 சதவீதமாவது செய்தால், அந்த நாடுதான் பொறுப்பு. வைல் அம் ரைனில் குடியிருக்கும் படப்பிடிப்பாளர் ஒருவரை எடுப்போம். பாசலில் படம் பிடிக்கிறார். வீட்டில் இருந்து அதைத் திருத்துகிறார். அந்தத் திருத்தும் வேலை மூன்றில் ஒரு பங்கு என்றால், பிராங்கில் சம்பாதித்தாலும் அவருடைய காப்புறுதி ஜேர்மனியில். அதே ஆள் பாசல் கடையொன்றில் பகுதிநேரச் சம்பளத்துக்கும் நின்றால் கணக்கு மாறும். சம்பள வேலை இருக்கும் சுவிஸ் முன்னுக்கு வரும். எந்த நாடு என்று எழுத்தில் சொல்லும் பத்திரத்தின் பெயர் ஏ1. இந்த விதி சுவிஸ், ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கும் உரியது. இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்கள் தங்கள் நிலையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

வரி இன்னொரு வழியில் போகும். இரு நாடுகளுக்கும் இடையே 1971இல் செய்த இரட்டை வரி ஒப்பந்தம் உண்டு. பாசலில் நிலையான ஸ்டுடியோ வைத்திருந்தால், அதில் வரும் இலாபத்துக்கு வரி பாசலில்; இல்லாவிட்டால் பொதுவாகக் குடியிருக்கும் நாட்டில். தினமும் எல்லை தாண்டும் சம்பளக்காரரிடம் வேலை செய்யும் நாடு 4.5 சதவீதத்துக்கு மேல் பிடிக்காது என்ற சலுகை சுயதொழிலுக்கு இல்லை. ஆகவே “நான் அங்கே வரி கட்டுகிறேன், காப்புறுதியும் அங்கேதான்” என்று நினைத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

வைத்தியசாலைகளில் தாதியராக நிற்கும் நாங்கள் இதை ஏன் சொல்கிறோம்? அவசரப் பிரிவுக்கு வருகிறவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. பில் பிறகுதான் வரும். ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு, உதைபந்து விளையாடிக் கால் முறிந்தாலும் விபத்துக் காப்புறுதி பார்க்கும். மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 சதவீதமும் கிடைக்கும். சுயதொழில் செய்பவருக்கு இவை தானாக வராது. சுவிஸ் கிராங்கன்காசாவில் இருப்பவர் அதோடு விபத்தையும் சேர்த்துக் கட்டவேண்டும். வருமான இழப்புக்கு வேறு காப்புறுதி எடுக்கவேண்டும். வேலையில்லாக் காப்புறுதியோ அவருக்கு இல்லவே இல்லை.

மாதக் கட்டணம் குறையட்டும் என்று 2500 பிராங்க் பிராஞ்சீஸ் எடுப்பவர்களும் உண்டு. எடுக்கலாம். ஆனால் அந்த 2500ம், அதற்கு மேல் 10 சதவீதமாக ஆண்டுக்கு 700 பிராங்க் வரையும் உங்கள் கையிலிருந்து போகும். அந்த 3200 பிராங்க் வங்கியில் இருக்கிறதா? இல்லையென்றால் அது சேமிப்பு அல்ல, கடன்.

தள்ளிப்போடுவதும் நமக்குக் கைவந்த பழக்கம். சுவிசுக்குக் குடிவந்தவர் மூன்று மாதத்துக்குள் கிராங்கன்காசாவில் சேரவேண்டும். தக்க காரணமின்றிப் பிந்தினால் சேர்ந்த நாளிலிருந்துதான் பாதுகாப்பு. மேலதிகக் கட்டணமும் உண்டு. ஜேர்மனியில் குடியிருந்து சுவிஸ் காப்புறுதிக்குள் வருபவர், மருத்துவக் காப்புறுதியை மட்டும் ஜேர்மனியில் வைத்திருக்க விரும்பினால், அதைச் சொல்லவும் மூன்று மாதம்தான்.

“விசுவாசம் உள்ளவனுக்கு இவ்வளவு பயம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று லூக்கா 14இல் கேட்டவர் நம் ஆண்டவரே. கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. கட்டவேண்டியதைக் கட்டாமல் விட்டு, விழுந்த பிறகு சபையிடம் கைநீட்டுவதும் விசுவாசம் அல்ல. அப்படி விழுந்தவரையும் சபை தாங்கவேண்டும், தாங்கும். ஆனால் ஒரு காணிக்கைப் பெட்டி எத்தனை மாத வருமானத்தை ஈடுசெய்யும்?

நாங்கள் கேட்பது ஒரே ஒரு மாலை நேரம். வாலிபர் கூடுகையில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குவோம். ஏ1, காப்புறுதிப் பத்திரம், கடைசி வரி அறிவித்தல் மூன்றையும் ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். இல்லாதவர் இல்லை என்று வெட்கமின்றிச் சொல்லட்டும். கணக்குத் தெரிந்த அண்ணாமார் பக்கத்தில் இருப்பார்கள், தாதியர் நாங்களும் இருப்போம். சுகவீனருக்காக முழங்காற்படியிடும் சபை, பிள்ளைகள் சுகமாயிருக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்கும் சபையாகவும் இருக்கட்டும்.