அடைக்கலம் காத்த மதுரை கேட்கிறது



அடைக்கலம் என்னும் சொல்லின் பொருளை மதுரை மண்ணுக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. இந்நகரின் மதிற்புறத்தே, முன்பின் அறியாத ஒரு பெண்ணைக் கவுந்தியடிகள் கையடையாகக் கொடுக்க, ஏற்றுக் காத்தவள் இடைக்குலத்து மாதரி. அவ்வடைக்கலத்தை இழந்தோமே என்று தீப்புகுந்து மாய்ந்தவளும் அவளே. அதே நகரில்தான், ஒரு பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவன் வாய்திறக்கு முன்பே அவனை வெட்டி வீழ்த்தியது பாண்டியன் ஆணை. மதிலுக்கு வெளியே அடைக்கலம். உள்ளே உசாவலற்ற கொலை. சிலப்பதிகாரம் இரண்டையும் ஒருசேர எழுதி வைத்திருக்கிறது. "எங்கள் குற்றவாளியை எங்களிடம் ஒப்படையுங்கள்" என்று ஓர் அரசு மற்றோர் அரசிடம் கைநீட்டும்போதெல்லாம் தமிழர் எண்ணிப் பார்க்க வேண்டியவை இவ்விரண்டுமே.

1982ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் சென்னை, தியாகராயர் நகர்ப் பாண்டி பசாரில் ஈழப் போராளிகள் தமக்குள் சுட்டுக்கொண்டனர். பிரபாகரன் தளைப்படுத்தப்பட்டார். உமா மகேசுவரன் சில நாள்களில் பிடிபட்டார். செய்தி எட்டியதும் கொழும்பு துள்ளியது. தன் காவல்துறை உயரலுவலர்களைச் சென்னைக்கு அனுப்பியது. ஒப்படையுங்கள் என்று தில்லியை நெருக்கியது. அப்போது கட்சி வேறுபாடு மறந்து, ஒப்படைக்கக் கூடாது என்று ஒரே குரலில் முழங்கியது தமிழ்நாடு. அக்குரலைத் திரட்டியதில் முன்னின்றவர் மதுரையைச் சேர்ந்த பழ. நெடுமாறன். முதலமைச்சர் ம.கோ.இராமச்சந்திரனும் தலைமையமைச்சர் இந்திரா காந்தியும் அக்குரலுக்குச் செவிசாய்க்க வேண்டியதாயிற்று. ஆகத்துத் திங்களில் பிரபாகரனுக்குப் பிணை கிடைத்தது. மதுரையில் தங்கியிருக்க வேண்டும் என்பது பிணையின் கட்டுப்பாடு. மாதரியின் ஊர் மீண்டும் அடைக்கலம் ஏற்றது.

"அவர் பிணையை மீறி 1983 தொடக்கத்தில் கடல்கடந்து போய்விட்டாரே!" என்பார் உளர். மெய்தான். பிணையை மீறியது சென்னையில் நடந்த வழக்குக்கு இழைத்த குற்றம். அதை இங்குள்ள மன்றம் கேட்கட்டும். ஆனால், கொழும்பின் கையில் ஒப்படைக்க மறுத்தது தவறென்று அதனால் ஆகிவிடுமா? ஆகாது. ஏன் ஆகாது என்பதை வரலாறு குருதியால் எழுதிக் காட்டியது.

1973இல் குட்டிமணி தமிழ்நாட்டில் பிடிபட்டார். அவரை இலங்கையிடம் ஒப்படைத்தனர். அன்று இங்கு ஆட்சியில் இருந்தது தி.மு.க. சிறையிருந்து மீண்ட அவரை 1981இல் மீண்டும் பிடித்தது சிங்கள அரசு. மதுரைக்குப் பிணை வந்த அதே 1982 ஆகத்தில், கொழும்பில் குட்டிமணிக்கும் செகனுக்கும் சாவுத் தண்டனை விதிக்கப்பட்டது. எந்தச் சட்டத்தின் கீழ்? காவல்துறை அலுவலர் முன் அளித்ததாகக் கூறப்படும் ஒப்புதலையே சான்றாக ஏற்கும் சட்டத்தின் கீழ்! அமைச்சரின் ஓர் ஆணையால் ஒருவரைப் பதினெட்டுத் திங்கள் வரை வழக்கின்றி அடைத்து வைக்கும் சட்டத்தின் கீழ்! 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அது. அத்தண்டனையைக்கூட அவர்கள் சட்டப்படி நிறைவேற்றவில்லை. 1983 சூலை 25ஆம் நாள் வெலிக்கடைச் சிறைக்குள் 35 தமிழர் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் குட்டிமணி ஒருவர்; தங்கத்துரை ஒருவர்; செகன் ஒருவர். இரண்டு நாள் கழித்து மேலும் 18 பேர். அரசின் பூட்டுக்குள், அரசின் காவலில், 53 உயிர்கள்! ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

1982இல் ஒப்படைக்கப்பட்டிருந்தால், அடுத்த ஆண்டு சூலையில் அவர்கள் எந்தச் சிறையில் இருந்திருப்பார்கள்? கூட்டிப் பாருங்கள். அதுவே ஒப்படைப்பு வேண்டாம் என்றதற்கு ஞாயம். ஆளின் மீதுள்ள விருப்பு வெறுப்பு அன்று. அவர் எந்த மன்றத்தின் முன் நிறுத்தப்படுவார் என்பதே அளவுகோல்.

இந்தியாவின் 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒருவரை அனுப்புமுன் நடுவர் ஒருவர் உசாவ வேண்டும். முதல்நோக்கில் குற்றம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அரசியல் தன்மையுடைய குற்றத்துக்காக எவரையும் ஒப்படைக்கக் கூடாது. வேறொரு குற்றத்துக்காக இங்கு வழக்கு நிலுவையில் இருந்தால், அது முடியுமுன் அனுப்பக் கூடாது. வேண்டுகோள் நன்னோக்கமற்றது என்றோ, அரசியற் கரணியத்தால் வந்தது என்றோ, ஒப்படைப்பது முறைகேடாகும் என்றோ கண்டால் நடுவணரசு மறுக்கலாம். ஆனால், 1993இல் இச்சட்டத்தைத் திருத்தினர். கொலை முதலான பல குற்றங்களை ஒரு பட்டியலில் அடுக்கி, இவை இனி அரசியற் குற்றங்கள் ஆகா என்றனர். ஒரு கதவு பெரும்பகுதி மூடப்பட்டது. எஞ்சிய கதவின் திறவுகோலோ தில்லியின் மடியில் இருக்கிறது. ஒப்படைப்பு என்பது அரசியலமைப்பின் நடுவணரசுப் பட்டியலில் 18ஆம் இனம். அயலார், குடியுரிமை ஆகியவை 17ஆம் இனம். கடலுக்கு அப்பால் கொல்லப்படுவோன் தமிழன். தப்பி வந்து இறங்கும் கரை தமிழ்க்கரை. அவனை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வதில் மட்டும் தமிழ்நாட்டுக்குச் சொல் இல்லை!

சரி, கொலை அரசியற் குற்றம் ஆகாது என்று சட்டம் செய்தீர்களே. அச்சட்டத்தையாவது நேராகப் பிடித்தீர்களா? 1986 நவம்பர் முதல் நாள், தீபாவளியன்று, சென்னைச் சூளைமேட்டில் சுடுகலன் வெடித்தது. ஏதுமறியாத தமிழர் ஒருவர் மாண்டார், சிலர் காயமுற்றனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட டக்ளசு தேவானந்தாவை, 1994இல் சென்னை மன்றம் தேடப்படும் குற்றவாளி என அறிவித்தது. அவர் எங்கே இருந்தார்? கொழும்பில் இருந்து, பின்னர் அங்கே அமைச்சரும் ஆனார்! 2010 சூனில் இராசபக்சேவுடன் தில்லிக்கே வந்தார். சென்னை மன்றம் தேடும் ஒருவரைத் தில்லி வரவேற்று, விருந்தோம்பி, வழியனுப்பி வைத்தது. தமிழ்நாடு கொதித்தது, உயர்முறைமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்பாட்டின் பொதுமன்னிப்புத் தம்மைக் காக்கும் என்றார் அவர். அவ்வுடன்பாட்டில் பொதுமன்னிப்பு வழங்குவதாகச் சொன்னவர் இலங்கைக் குடியரசுத் தலைவர். சென்னைத் தெருவில் சிந்திய குருதியை மன்னிக்கக் கொழும்புக்கு ஏது உரிமை?

இதில் நாம் இரட்டை நாக்கு உடையவர்கள் என்று நம்மைப் பழிக்க வேண்டா. 1982இல் ஒப்படைக்காதே என்றோம். 2010இல் பிடித்து நிறுத்து என்றோம். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே. சென்னையில் ஒருவர் வழக்குரைஞரை வைத்துக்கொள்ளலாம், சான்றினரைக் குறுக்குக் கேட்கலாம், திறந்த மன்றத்தில் பேசலாம், மேல்முறையீடு செய்யலாம். தேவானந்தாவுக்கும் அவையெல்லாம் உண்டு என்றே சொன்னோம். வெலிக்கடையில் எவை இருந்தன? இரட்டை நாக்கு எவருடையது? ஆளில்லா ஏதிலிக்குச் சட்டம், அமைச்சருக்குச் செங்கம்பளம் என்று நடந்த தில்லியினுடையது அன்றோ!

உலகமும் இதைக் காணாமல் இல்லை. சிலி நாட்டின் கொடுங்கோலன் பினோசே 1998 அக்டோபரில் இலண்டனில், இசுபெயின் நாட்டு மன்றத்தின் ஆணையின் பேரில் தளைப்படுத்தப்பட்டான். முன்னாள் நாட்டுத்தலைவன் என்பதால் வதைக் குற்றத்திலிருந்து தப்ப முடியாது என்று பிரித்தானியப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. முடிவில் உடல்நலம் காட்டி அவன் ஊர் திரும்பினான் என்றாலும், ஆண்டவனையும் கேட்கலாம் என்பது நிலைநாட்டப்பட்டது. 2022 சூலையில் கோத்தபய இராசபக்சே மாலத்தீவுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் ஓடினார். முள்ளிவாய்க்காலின் போது பாதுகாப்புத் துறையின் செயலராய் இருந்தவர் அவர். அவரை எங்கள் மன்றத்தின் முன் நிறுத்துங்கள் என்று கேட்க ஓர் அரசும் முன்வரவில்லை. தமிழர்க்கென ஓர் அரசு இல்லை. ஆதலின் கேட்கும் வாயும் இல்லை.

மதுரைக்கு அருகே ஆனையூரிலும், உச்சப்பட்டியிலும், திருவாதவூரிலும் ஈழத்து ஏதிலியர் முகாம்கள் உள்ளன. அங்கேயே பிறந்து, அங்கேயே மணந்து, பிள்ளை பெற்றவர்களும் இந்த நாட்டுக்கு அயலாரே. 1951ஆம் ஆண்டு ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஈழத்தமிழரைச் சேர்க்கவில்லை. தண்டனைக் காலம் முடித்த ஈழத்தமிழர் ஒருவர், திருப்பியனுப்பினால் உயிருக்கு ஊறு நேரும் என்று 2025 மே திங்களில் உச்சமுறைமன்றத்தில் முறையிட்டார். உலகெங்கிலுமிருந்து வருவோரை ஏற்க இந்தியா சத்திரமன்று என்னும் பொருளில் நடுவர் சொல்லி, அவர் முறையீட்டைத் தள்ளினர். சத்திரம் கேட்டு வரவில்லை ஐயா. உயிர் காக்கக் கேட்டு வந்தார்!

எனவே கேட்கிறோம். ஏதிலியர்க்கென ஒரு சட்டம் செய்க. உயிருக்கு ஊறு நேரும் நாட்டுக்கு எவரையும், ஒப்படைப்பு என்றோ வெளியேற்றம் என்றோ எப்பெயரிட்டும், திருப்பி அனுப்பாதே. தமிழரைத் திருப்பி அனுப்புவதாயின் தமிழ்நாட்டரசின் இசைவைப் பெறு. தமிழர் மண்ணில் தமிழர் குருதி சிந்தியவன் அயல்நாட்டு அமைச்சனே ஆயினும் இங்குள்ள மன்றத்தின் முன் நிறுத்து.

பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன்கூட, உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டான். அவ்வளவு நாணம் தில்லியிடம் நாம் எதிர்பார்க்கவில்லை. கேட்டறிந்து தீர்ப்பளிக்கும் முறையையேனும் கேட்கிறோம். அதையும் கெஞ்சிக் கேட்டால் பெற முடியாது என்பதை 1982 நமக்குக் கற்பித்தது. அன்று ஒன்றுபட்டுக் கேட்டோம், உயிர்கள் பிழைத்தன. இன்றும் ஒன்றுபட்டுக் கேட்போம்!

அடைக்கலம் காப்போம்! முறை கேட்போம்!