அந்த வார்த்தை மட்டும் வேண்டாமே!

போன வாரம் என் நாத்தனார் மூன்றாவது படிக்கும் பிள்ளையோடு வந்திருந்தாள். வீட்டுப் பாடம் எழுத உட்கார்ந்தான் பையன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் பத்துத் தப்பு. எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறான், பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதவும் வரவில்லை. "மக்கு, மக்கு! எத்தனை தடவைடா சொல்றது?" என்று நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள் அவள். பிள்ளை அழவில்லை. அதுதான் எனக்கு மனசைப் பிசைந்தது. பழகிப் போய்விட்டது போலும்!

அன்று ராத்திரி எங்க வீட்டுக்காரர் ஒரு கதை சொன்னார். அவர் கார் பந்தயப் பைத்தியம். 'நமக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. சம்பந்தம் இருக்கிறது.

ஜாக்கி ஸ்டூவர்ட் 1939-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அப்பா கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஜாக்கிக்குப் படிப்பு ஏறவே இல்லை. முட்டாள் என்ற பட்டம்தான் கிடைத்தது. 15, 16 வயசிலேயே படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். பறக்கும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் போட்டியில் பரிசு மேல் பரிசு வாங்கினார். அப்புறம் கார் பந்தயம். அண்ணன் பந்தயத்தில் அடிபட்டதிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. அதனால் ஆரம்பத்தில் சொந்தப் பெயரைக்கூடப் போடாமல் ஓட்டினாராம்!

1965-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்து அந்த வருஷமே இத்தாலியில் ஜெயித்தார். அடுத்த வருஷம் பெல்ஜியத்தில் கொட்டும் மழையில் கார் தடம் புரண்டது. ஸ்டியரிங்குக்கு அடியில் கால் மாட்டிக்கொள்ள, பெட்ரோல் உடம்பெல்லாம் நனைக்க, ஒரு பொறி பட்டால் தீர்ந்தது. உதவிக்கு ஊழியர் ஒருவர்கூட இல்லை. சக வீரர்கள் இரண்டு பேர்தான், வேடிக்கை பார்க்க வந்தவரிடம் ஸ்பானர் கடன் வாங்கி, ஸ்டியரிங்கைக் கழற்றி அவரை வெளியே எடுத்தார்கள். அதோடு விட்டதா? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆம்புலன்ஸ் வழி தவறிவிட்டது!

பிழைத்து வந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. சீட் பெல்ட் வேண்டும், ஓரத்தில் தடுப்பு வேண்டும், பந்தய இடத்தில் டாக்டர் வேண்டும் என்று போராடினார். 'கோழை' என்று ஏசினவர்களும் உண்டு. 1972-ல் அந்தப் பந்தயங்களில் பெல்ட் கட்டாயமாயிற்று.

1969, 1971, 1973 என்று மூன்று தடவை உலக சாம்பியன். 99 பந்தயங்களில் 27 வெற்றி. ஜெர்மனியின் நர்பர்க்ரிங் பாதை 22 கிலோமீட்டருக்கு மேல் நீளம். எந்த வளைவில் பிரேக், எந்த இடத்தில் கியர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 1968-ல் மூடுபனியிலும் மழையிலும், மணிக்கட்டு எலும்பு முறிந்த கையோடு, அங்கே நாலு நிமிஷ வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் ஆங்கில அகரவரிசையை முழுசாகச் சொல்ல வராது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மனைவி ஹெலன் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்து, கணவர் சுற்றி வரும் நேரத்தைக் குறிப்பாராம். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்க வேண்டும்! 1973-ல் ஓய்வு பெற முடிவெடுத்தும், 'நாளை எண்ணித் தவிப்பாளே' என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை ஜாக்கி. நூறாவது பந்தயம்தான் கடைசி என்று இருந்தது. முதல் நாள் பயிற்சியில் தம்பி மாதிரிப் பழகிய சக வீரர் செவெர் இறந்து போனார். அந்தப் பந்தயத்தில் அவர் ஓட்டவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 1980-ல் அவருடைய இளைய மகனுக்குப் படிப்பு வராமல் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். மகனுக்கு டிஸ்லெக்சியா. அப்பாவையும் சோதித்தார்கள். அவருக்கும் அதேதான்! 41 வயசில்தான், 'நான் முட்டாள் இல்லை' என்று அவருக்குத் தெரிந்தது.

டிஸ்லெக்சியா என்பது எழுத்தையும் ஒலியையும் மூளை இணைப்பதில் வரும் சிரமம். சோம்பலும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வருவதுண்டு. சின்ன வயசில் எழுத்தைத் திருப்பிப் போடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் சகஜம். ஏழெட்டு வயசுக்கு மேலும் அது தொடர்ந்து, வாசிக்கவும் திணறினால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு குழந்தை மனநல நிபுணரிடம் காட்டுங்கள். வீட்டில் அரிசியைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்யலாம். தினமும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு, பள்ளியில் கேளுங்கள்.

இதையெல்லாம் காலையில் நாத்தனாரிடம் சொன்னேன். "அப்படியா அண்ணி?" என்றவள், பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறாள். முடிவு எதுவானாலும் சரி, அந்த வார்த்தை அவள் வாயில் இனி வராது.

எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் என் மகனுக்குப் போன் போட்டேன். "சின்ன வயசுல உன்னை மக்குன்னு திட்டியிருக்கேனே, ஞாபகம் இருக்காடா?" என்றேன். "அதெல்லாம் மறந்தே போச்சும்மா" என்று சிரித்தான்.

அவன் சொன்ன வேகத்திலேயே தெரிந்துவிட்டது, மறக்கவில்லை என்று.