கணக்கில் வராத போகங்கள்

பெரும்போக அறுவடை தொடங்கியதும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஆண்டுதோறும் ஓர் ஆலோசனை கேட்கிறது: "களத்தில் விற்காதீர்கள், கட்டி வையுங்கள், விலை ஏறும்." நெல் விளைவிப்போரும் அதனை வாங்கி விற்போரும் தமிழ், முஸ்லிம் ஆகிய இரு சமூகங்களிலும் உளர். படுவான்கரை வட்டைகளுக்கும் ஏறாவூர், ஓட்டமாவடிச் சந்தைகளுக்கும் இது பொதுவான விடயம். ஆயினும் இவ்வுத்தி சராசரியாக எவ்வளவு இலாபம் தருகிறது என்று வினவினால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. வென்ற போகங்கள் சந்தியில் பேசப்படுகின்றன. தோற்ற போகங்கள் வீட்டுக்குள் புதைந்துவிடுகின்றன.

பத்துப் போகங்களை உதாரணமாகக் கொள்வோம். ஏழில் கிலோவுக்கு 10 ரூபா இலாபம். மூன்றில் 20 ரூபா நட்டம். இலாபம் 70, நட்டம் 60, மிச்சம் 10 ரூபா. சராசரி, போகத்துக்கு ஒரு ரூபா மட்டுமே. களஞ்சியத்துக்கும் ஏற்றுகூலிக்கும் போகமொன்றுக்கு இரண்டு ரூபா சென்றிருந்தால், பத்தில் ஏழு தடவை வென்றவர் முடிவில் தோற்றவராகிறார்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. 20 சதவீத ஈரப்பதனுள்ள 100 கிலோ நெல்லை, நெல் சந்தைப்படுத்தும் சபை கோரும் 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் எஞ்சுவது ஏறத்தாழ 93 கிலோ. களத்தில் 100 ரூபா பெறும் நெல், பின்னர் 107 ரூபா 50 சதம் பெற்றால்தான் அசலே தேறும். கடன் வாங்கியோருக்கு வட்டி இதற்கு மேலானது. வட்டியை விலக்கி முழாரபா முறையில் முதலிட்டோருக்கும், அம்முதல் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பது இழப்பே.

எந்த ஆண்டுகளைச் சேர்த்துக் கணிக்கிறோம் என்பதும் முக்கியம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்து 2022இல் நெல்விலை எகிறியது. அந்த ஓராண்டு மட்டுமே முழுச் சராசரியையும் உயர்த்திக் காட்டவல்லது. மறுபுறம், 2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசி இறக்குமதிக்கு அனுமதியளித்து, நாட்டரிசிக்கு கிலோ 230 ரூபா என உச்ச சில்லறை விலையும் விதித்தது. 2011 ஜனவரி வெள்ளத்தையும் இம்மாவட்டம் மறந்துவிடவில்லை. நல்ல ஆண்டைச் சேர்த்துக் கெட்ட ஆண்டை விதிவிலக்கென ஒதுக்கும் கணக்கு, கணக்கே அல்ல.

சராசரி சரியாக இருப்பினும் அது எல்லோருக்கும் ஒன்றல்ல. பெரிய ஆலைக்காரர் மூன்று நட்டங்களைத் தாங்கி நான்காவது இலாபத்தைக் காண்பார். மூன்று ஏக்கர் செய்பவரோ இரண்டாவது நட்டத்திலேயே நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்து, களத்தை விட்டே நீங்கிவிடுவார். அவருக்காகச் சராசரி காத்திருப்பதில்லை.

ஆகவே, "கட்டி வையுங்கள்" என்று அறிவுரை கூறுவது மட்டும் போதாது. நாட்டு நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபா என்ற உத்தரவாத விலை 2025 பெப்ரவரி 5ஆம் திகதி அறிவிக்கப்பட்டபோது கிழக்கில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. விலை விதைப்புக்கு முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். உலர்த்தும் தளங்களும் பொதுக் களஞ்சியங்களும் சிறு விவசாயிக்கு எட்டும் தூரத்தில் அமைய வேண்டும்.

கமக்காரர் அமைப்புகளும் தம் பங்குக்கு ஒவ்வொரு போகத்தின் களவிலை, பின்விலை, செலவு, நட்டம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வைக்கட்டும். இரு கரையினரும் அக்கணக்கைப் பகிர்ந்துகொண்டால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான ஐயம் பாதி குறையும் என்பது எமது நம்பிக்கை.