மணிக்கு விசா கிடைக்குமா?



மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போயிருக்கீங்களா? ஆகஸ்ட், செப்டம்பர்னா கூட்டம் அள்ளும். ஒரே ஒரு பையனை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் வந்திருப்பாங்க. அம்மா கையில் பருப்புப்பொடி பாக்கெட், அப்பா கையில் பாஸ்போர்ட் ஜெராக்ஸ், சித்தப்பா கையில் இலவச அட்வைஸ். எல்லாரும் வந்திருப்பாங்க, ஒருத்தரைத் தவிர.

அந்த ஒருத்தர் வீட்டு கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து, வேன் திரும்பின தெருமுனையையே பார்த்துட்டு இருப்பார். 'போயிட்டு வரேன்'னு சொன்னா, அது ரெண்டு வருஷம்னு அம்மாவுக்குப் புரியும். அவருக்கு? காலையில் போனா சாயங்காலம் வந்துடுவான். அவருக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்.

இந்த வாரம் அவரைப் பத்திதான் பேசப் போறோம். ஃபாரின் போறப்போ நாயையும் கூட்டிட்டுப் போக முடியுமா? முடியும் பாஸ். ஆனா... அந்த 'ஆனா'வுக்குள்ள என்னென்ன இருக்குனு தெரிஞ்சுக்க, என் நண்பன் கதையைக் கேளுங்க.

பயல் தாம்பரம். மெக்கானிக்கல். டென்த் படிக்கும்போது ஒரு மழை நாளில், டியூஷன் சென்டர் வாசலில் நனைஞ்சுட்டு நின்ன குட்டியைச் சட்டைக்குள்ள வெச்சு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டான். அக்மார்க் நாட்டு நாய். பேர் மணி. (வேற என்ன பேர் வைப்பான்?) 'இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னு அவங்கப்பா முதல் நாள் குதிச்சார். ரெண்டு பேருமே இருந்தாங்க.

ஏழு வருஷம் கழிச்சு பயலுக்கு ஜெர்மனியில் எம்.எஸ். சீட். அக்டோபரில் கிளாஸ். செப்டம்பர் முதல் வாரம் விசா வந்தது. வந்த அன்னிக்கே எனக்கு போன். "டேய், மணியையும் கூட்டிட்டுப் போறேன்டா!" ஃப்ளைட்டுக்கு மூணே வாரம். நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சிப் போட்டிருக்கா?"

"ரேபிஸ் ஊசி வருஷா வருஷம் போட்டிருக்கோம் சார்"னு இவன் பெருமையா தடுப்பூசி புக்கை நீட்டினான். அவர் சிரிச்சுட்டார். "தம்பி, சிப் இல்லாம போட்ட ஊசி அவங்க கணக்குல ஊசியே இல்ல."

யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான். புக்கில் 'மணி, ஆண், பிரவுன் கலர்'னு எழுதியிருக்கு. நம்ம தெருவிலேயே எத்தனை பிரவுன் மணி இருக்கு? எந்த மணிக்கு ஊசி போட்டாங்கனு அங்கே இருக்கிற ஆபீஸருக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் சிப். அரிசி சைஸில் இருக்கும். தோள்பட்டைக்கு நடுவில் தோலுக்குள்ள ஊசி மூலமா வெச்சுடுவாங்க. ஸ்கேனரைக் காட்டினா 15 இலக்க நம்பர் வரும். நமக்கு பாஸ்போர்ட் நம்பர் மாதிரி. சிப்பை முதல்ல வெச்சு, அதுக்கு அப்புறமோ அன்னிக்கேயோ ரேபிஸ் ஊசி போடணும். வரிசை மாறினா ஊசியை மறுபடி போடணும்.

சரி, அன்னிக்கே ரெண்டும் போட்டாச்சு. கிளம்பலாமா? கிளம்ப முடியாது. ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய யூனியன் நம்புற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால ஊசி போட்டு குறைஞ்சது 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, அவங்க அங்கீகரிச்ச லேபுக்கு அனுப்பணும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருந்தா பாஸ். பாஸானாலும் உடனே போக முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூணு மாசம் காத்திருக்கணும்.

ஏன் இந்த மூணு மாசம்? ரேபிஸ் கிருமி உடம்புக்குள்ள போனா உடனே தலைகாட்டாது. வாரக்கணக்கில், மாசக்கணக்கில் பதுங்கி இருக்கும். ஊசிக்கு முன்னாடியே கிருமி உள்ளே போயிருந்தா, அது வெளியே தெரியறதுக்கான டைம் அது. உலகத்தில் ரேபிஸால் சாகிறவங்கள்ல மூணில் ஒரு பங்குக்கும் மேல நம்ம நாட்டில்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவங்க பயம் அவங்களுக்கு!

கூட்டிப் பாருங்க. 30 நாள், ப்ளஸ் மூணு மாசம். மொத்தம் நாலு மாசம். எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும், எந்த எம்.எல்.ஏ.கிட்ட லெட்டர் வாங்கினாலும் இது குறையாது. ஆனா நம்ம கையில் விசா வர்றதோ ஃப்ளைட்டுக்கு மூணு வாரம் முன்னாடி. இதுதான் ஃப்ரெண்ட்ஸ் முழு மேட்டரும். மணியோட கடிகாரம் உங்க கடிகாரத்துக்கு முன்னாடியே ஓட ஆரம்பிக்கணும். விசா வந்ததும் இல்ல... நீங்க ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்கு ஃபீஸ் கட்டுற அன்னிக்கு!

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கு. ஐரோப்பாவைப் பொறுத்தவரை அந்த ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பாஸ் பண்ணிட்டு, அப்புறம் பூஸ்டர் ஊசியைத் தேதி தவறாம போட்டுட்டு வந்தா, அந்த ரிசல்ட் ஆயுசுக்கும் செல்லும். ஒருநாள் லேட்டானாலும் மறுபடி முதல்லேர்ந்து! அரியர் மாதிரி ஆயிடும்.

வேற நாட்டுக்குப் போற மக்களுக்கும் ஒரு ரவுண்டு சொல்லிடறேன். பிரிட்டனுக்கும் இதே நாலு மாசக் கணக்குதான். கூடவே, நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்து ஒருநாள் முதல் அஞ்சு நாளுக்குள்ள போய்ச் சேரணும். விமானத்தில் போனா கார்கோவா மட்டும்தான் உள்ளே விடுவாங்க. மடியில் வெச்சுட்டுப் போற கனவை இங்கேயே விட்டுடுங்க. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ரூல்ஸை டைட் பண்ணிடுச்சு. இந்தியா அவங்க 'ஹை ரிஸ்க்' லிஸ்ட்டில் இருக்கு. ஆறு மாசம் நிரம்பாத குட்டிக்கு அனுமதி கிடையாது. சிப், ஊசிக்கான சர்டிஃபிகேட் வேணும். அவங்க குறிப்பிட்ட ஏர்போர்ட்டில்தான் இறங்கணும், அங்கே இருக்கிற பராமரிப்பு மையத்தில் முன்கூட்டியே புக் பண்ணியிருக்கணும். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் இல்லாட்டி 28 நாள் அங்கேயே தனியா அடைச்சு வெச்சுடுவாங்க, உங்க செலவில்.

ஆஸ்திரேலியாதான் இருக்கிறதிலேயே கஷ்டம். இந்தியாவிலிருந்து நேரா நாயைக் கொண்டுபோகவே முடியாது. அவங்க ஏத்துக்கிற இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கேயிருந்துதான் போகணும். அப்புறமும் மெல்பர்ன் பக்கத்தில் மிக்கில்ஹாம்ங்கிற இடத்தில் குறைஞ்சது 10 நாள், இல்லாட்டி 30 நாள் தனிமை. 'யாரையாவது பிடிச்சா நடக்கும்'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. 2015-ல ஜானி டெப்பும் அவர் மனைவி ஆம்பர் ஹெர்டும் பிஸ்டல், பூங்கிற ரெண்டு குட்டி நாய்களைச் சொந்த விமானத்தில் சொல்லாம கொள்ளாம கொண்டுபோனாங்க. 'நாயைத் திருப்பி அனுப்புங்க, இல்லாட்டி கொன்னுடுவோம்'னு அந்த ஊர் மந்திரி கெடு வெச்சார். நாய்கள் பத்திரமா ஊர் திரும்பிடுச்சு. ஆனா அடுத்த வருஷம் ஹெர்ட் கோர்ட்டில் தப்பை ஒத்துக்கிட்டு, ரெண்டு பேரும் வீடியோவில் மன்னிப்பு கேட்டாங்க. ஜாக் ஸ்பாரோவுக்கே அந்தக் கதி!

பயணம் எப்படி இருக்கும்? பெரிய நாய்னா விமானத்தின் அடியில் கார்கோ பகுதியில்தான். 'ஐயோ, அங்கே காத்து இருக்காதே'னு பதற வேணாம். உயிருள்ள பிராணிகளை ஏத்துற பகுதியில் காற்றழுத்தம் நம்ம கேபின் மாதிரியே இருக்கும், குளிரும் பார்த்துக்குவாங்க. கூண்டு முக்கியம். உள்ளே அது தலை இடிக்காம நிக்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். இதுதான் சர்வதேச விதி. ரெண்டு மாசம் முன்னாடியே கூண்டை வாங்கி ஹாலில் போட்டு, உள்ளே பழைய பெட்ஷீட் விரிச்சு, சோறு அங்கேயே வெச்சுப் பழக்குங்க. 'தூங்கட்டும், பாவம்'னு மயக்க மாத்திரை மட்டும் கொடுத்துடாதீங்க. பறக்கும்போது மூச்சும் ரத்த அழுத்தமும் தாறுமாறாகும். மாத்திரை கொடுத்த நாயை ஏத்த மாட்டோம்னே பல ஏர்லைன்ஸ் சொல்லிடும்.

'பக்' வெச்சிருக்கிற மக்கா, உங்களுக்கு ஸ்பெஷல் எச்சரிக்கை. 2003-ல ஹட்ச் விளம்பரத்தில் சின்னப் பையன் பின்னாடியே ஓடி வருமே, அந்த சப்பை மூக்குச் செல்லம்தான். அந்த மூக்குதான் பிரச்னையே. சூட்டிலும் பயத்திலும் அதுக்கு மூச்சு வாங்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-ல வெளியிட்ட கணக்கில், அஞ்சு வருஷத்தில் விமானத்தில் இறந்த 122 நாய்களில் கிட்டத்தட்ட பாதி சப்பை மூக்கு ஜாதிகள். பல ஏர்லைன்ஸ் இவற்றை ஏத்துறதே இல்லை. உங்க பக்கை அனுப்பணுமானு நல்லா யோசிங்க.

கடைசி வாரத்தில் நம்ம ஊர் வேலை. டாக்டர்கிட்ட ஹெல்த் சர்டிஃபிகேட், அப்புறம் பள்ளிக்கரணையில் இருக்கிற மத்திய அரசின் விலங்குகள் க்வாரன்டைன் ஆபீஸில் அனுமதி. ஐரோப்பா போறதுக்கான சர்டிஃபிகேட் பத்து நாள்தான் செல்லும். நீங்க பறக்கிற தேதிக்கும் நாய் பறக்கிற தேதிக்கும் அஞ்சு நாளுக்கு மேல இடைவெளி வந்தா, அது வளர்ப்புப் பிராணி கணக்கில் வராது. வியாபாரச் சரக்கு மாதிரி வேற ரூல்ஸ் வந்துடும்.

நம்ம தாம்பரம் கதைக்கு வருவோம். பயல் தனியா பறந்துட்டான். மணி ரெண்டு நாள் சாப்பிடலை. மூணாவது நாள், 'நானா அதுவா'னு குதிச்ச அதே அப்பா, தயிர் சோறு பிசைஞ்சு எடுத்துட்டுப் போய் கேட் பக்கத்தில் அது கூடவே உட்கார்ந்தாராம். 30 நாள் கழிச்சு ஆபீஸுக்கு லீவ் போட்டு மணியைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்தது அவர்தான். ரிசல்ட்? ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்லயே பாஸ். எங்க பேட்ச்சில் பாதிப் பேருக்குக் கிடைக்காத பெருமை! கூண்டு வாங்கினதும் அவர்தான், பழக்கினதும் அவர்தான்.

பிப்ரவரியில் செமஸ்டர் லீவுக்குப் பயல் வந்தான். பேப்பர்ஸ் எல்லாம் பக்கா. கூண்டு ஹாலில் ரெடி. மணி அவனை முதல்ல மோந்து பார்த்துச்சு. அப்புறம் வீட்டை நாலு சுத்து சுத்தி ஓடி, அவன் மேல ஏறி, மூஞ்சி பூரா நக்கி, அழ வெச்சுடுச்சு. சாயங்காலம் ஆறு மணி ஆச்சு. மணி எழுந்து போய், அப்பாவோட செருப்பைக் கவ்விட்டு வந்து அவர் கால்கிட்ட போட்டுது. வாக்கிங் டைமாம்!

அன்னிக்கு ராத்திரி மொட்டைமாடியில் ரொம்ப நேரம் பேசாமலே இருந்தான். அப்புறம் சொன்னான். "அங்கே என் ரூம் பன்னெண்டு ஸ்கொயர் மீட்டர்டா. ஹாஸ்டல்ல நாய்க்கு பர்மிஷன் இல்ல, வேற வீடு பார்க்கணும். நாய்க்கு வரி வேற கட்டணும். அதெல்லாம்கூட பார்த்துக்கலாம். காலையில எட்டு மணிக்கு லேபுக்குப் போனா ராத்திரிதான் வரேன். குளிர்காலத்துல நாலரைக்கே இருட்டிடும். அது நாள் பூரா கதவையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கும். நான் கூட்டிட்டுப் போறது மணிக்காகவா, எனக்காகவா?"

நான் என்ன பதில் சொல்றது?

டிக்கெட் போடலை. அவன் மட்டும் திரும்பிப் போனான். பூஸ்டர் தேதியை அப்பா காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வெச்சிருக்கார். வேலை கிடைச்சு, வீடு கிடைச்சு, வாழ்க்கை செட்டிலானா அப்போ கூட்டிட்டுப் போகலாம், வழி திறந்தே இருக்கு. ஆனா அப்பா இப்பவே சொல்லிட்டார்: "அவன் எங்க வேணா போகட்டும். மணி எங்கயும் வராது."

கூட்டிட்டுப் போங்கனோ விட்டுட்டுப் போங்கனோ நான் சொல்லலை ஃப்ரெண்ட்ஸ். கூட்டிட்டுப் போற அளவுக்கு டைமும் வீடும் பணமும் (ஏஜென்ட் மூலமா போனா லட்சங்களில் வரும்) இருந்தா, ஜாலியா கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி, பார்த்துக்க ஒரு ஆளை ஆறு மாசம் முன்னாடியே அதுக்குப் பழக்கிட்டுப் போங்க. பெசன்ட் நகர் பீச்சில் இறக்கிவிட்டுட்டு ஃப்ளைட் ஏறுற வேலை மட்டும் வேணாம். சோறு தண்ணி இல்லாம தவிக்கும்னு தெரிஞ்சே கைவிடுறது, 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும்... மழையில் நனைஞ்சதை ஒருநாள் சட்டைக்குள்ள வெச்சுத் தூக்கிட்டு வந்தது யாரு?

ஃபைனல் இயர் மக்களே, இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை. தடுப்பூசி புக்கை எடுங்க. கடைசி ஊசி எப்போனு பாருங்க. சிப் நம்பர் இருக்கானு பாருங்க. இல்லாட்டி நாளைக்கே டாக்டர்.

அப்படியே வாக்கிங்கும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!