பறக்கும் டாக்சி வரட்டும், ஆனால் எங்கே இறங்கும்?

போன மாதம் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு மகள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு சின்ன மின் விமானம் நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்பி, கண்ணாடிக் கட்டடங்களுக்கு மேலாகப் பறந்து போனது. "அப்பா, இனி ஹீத்ரோவுக்குப் பத்து நிமிஷத்தில போகலாமாம். கொஞ்சக் காலத்தில பைலட்டும் தேவையில்லையாம்" என்றாள். நான் ஒன்றைத்தான் கேட்டேன்: "அது எங்க பிள்ளை இறங்கும்?" வீடியோவை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தோம். இறங்குகிற இடத்தை அதில் காட்டவே இல்லை. பின்னணியில் இசை போட்டிருந்தபடியால் சத்தமும் கேட்கவில்லை.

நாங்கள் இருப்பது கிழக்கு லண்டன் பெக்டனில். லண்டன் சிட்டி விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே இது எனக்குச் சும்மா விடுப்புக் கேள்வி அல்ல.

பறக்கும் டாக்சியை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. சீனாவின் இஹாங் நிறுவனம் தயாரித்த, விமானியே இல்லாத இரண்டு இருக்கை விமானத்துக்கு அந்த நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2023 அக்டோபரில் வகைச் சான்றிதழ் கொடுத்தது. 2025 மார்ச்சில் அதை வைத்துச் சேவை நடத்த இரண்டு நிறுவனங்களுக்கு அனுமதியும் கிடைத்தது. பிரித்தானியாவில் அப்போதைய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட திட்டம் 2026 இல் முதல் பறக்கும் டாக்சி, 2028 இல் வழமையான சேவை, 2030 இல் விமானி இல்லாத பறப்பின் செயல்விளக்கம் என்று ஆண்டுகளைக் குறித்தது.

மறுபக்கமும் இருக்கிறது. ஜெர்மனியின் லிலியம் 2024 அக்டோபரிலும் வோலோகொப்டர் அதே ஆண்டு டிசம்பரிலும் கடனடைக்க முடியாமல் நீதிமன்றப் படியேறின. வோலோகொப்டர்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலத்தில் ஆட்களை ஏற்றிப் பறக்கப் போவதாகச் சொன்ன நிறுவனம். அதற்காக செய்ன் ஆற்றில் ஒஸ்டர்லிட்ஸ் பாலத்தருகே மிதக்கும் இறங்குதளம் திட்டமிட்டார்கள். பாரிஸ் நகரசபை எதிர்த்தது. சான்றிதழும் நேரத்துக்கு வரவில்லை. கடைசியில் வெர்சாய் பக்கத்துச் சின்ன விமானத்தளம் ஒன்றில் பயணி இல்லாமல் பறந்து காட்டியதோடு கதை முடிந்தது.

இதில் எனக்குத் தெரிகிற பாடம், விமானத்தைச் செய்யும் நிறுவனங்கள் வரும், போகும். ஆனால் அதற்காக ஒதுக்கும் நிலமும் வானமும் பல பத்து ஆண்டுகளுக்கு அப்படியே நிற்கும். எங்கட பிள்ளைகளின் காலத்து லண்டனை முடிவு செய்யப்போவது விமானத்தின் இறக்கை அல்ல, இப்போது வரையப்படும் நிலத் திட்டம்தான்.

இறங்குதளம் என்றவுடன் ஒரு கார் பார்க்கிங் அளவு கொங்கிரீட் தளம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2022 ஏப்ரலில் கொவென்ட்ரி நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் அப்படியொரு மாதிரித் தளத்தைக் கூடாரம் போல அமைத்து, திறந்து காட்டினார்கள். ஆனால் தளம் என்பது கண்ணுக்குத் தெரிகிற பாகம் மட்டுமே. அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, விமானம் வரும், போகும் திசைகளில் எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் தூரத்துக்கு வான்வழி தடையில்லாமல் இருக்க வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிலமட்டத்தில் தளம் அமைந்தால், அந்தப் பாதையில் 80 மீட்டர் தள்ளியுள்ள வீடு 10 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. 240 மீட்டர் தள்ளியிருந்தால் 30 மீட்டர். அதாவது பத்து மாடி ஃபிளாட் ஒன்று கட்ட இருந்த நிலத்தின் தலைவிதி பக்கத்துக் காணியிலேயே எழுதப்பட்டுவிடும். வீட்டுக்காகக் கவுன்சில் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் நிறைந்த நியூஹாம் போன்ற இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

தடை விலகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை லண்டன் கண்டிருக்கிறது. 2013 ஜனவரி 16 காலை, பனிமூட்டத்தில் பாட்டர்சி ஹெலித்தளத்துக்குத் திரும்ப இருந்த ஹெலிகொப்டர் ஒன்று வொக்ஸ்ஹாலில் கட்டடம் கட்டும் கிரேனில் மோதி விழுந்தது. விமானியோடு, கீழே தெருவில் நடந்துகொண்டிருந்த ஒருவரும் இறந்தார்.

அடுத்தது காற்று. நேராக இறங்கும் எந்த இயந்திரமும் தன் எடைக்கு ஏற்ற அளவு காற்றைக் கீழே தள்ளித்தான் இறங்கும். மின்சாரத்தில் ஓடினாலும் அந்த விதி மாறாது. 2022 மார்ச்சில் பிளிமத் நகர மருத்துவமனையில் மீட்பு ஹெலிகொப்டர் இறங்கியபோது, பக்கத்துக் கார் பார்க்கில் நடந்துவந்த ஒரு மூதாட்டியைக் காற்று தூக்கி விழுத்தியது. அவர் உயிரிழந்தார். அது பெரிய ஹெலிகொப்டர், மின் விமானம் அதைவிடச் சிறியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்க நிர்வாகமே 2024 டிசம்பரில் தன் வழிகாட்டியைத் திருத்தி, இந்தக் காற்று வீச்சுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை வலயத்தைச் சேர்த்தது. கூரையில் தளம் வைத்தால் பிரச்சினை இல்லை என்று சொல்பவர்கள், கூரைக்குக் கீழே பஸ் தரிப்பிடமும் பிள்ளை வண்டில் தள்ளும் தாய்மாரும் இருப்பதை மறந்துவிடக்கூடாது.

மூன்றாவது மின்சாரம். ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் 50 கிலோவாட் மணி மின்சாரத்தைப் பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். ஒரு விமானத்துக்கு 300 கிலோவாட் இணைப்புத் தேவை. ஐந்து விமானம் ஒரே நேரத்தில் நின்றால் 1.5 மெகாவாட். லண்டனில் அதை எங்கிருந்து எடுப்பது? 2022 இல் லண்டன் பெருநகர நிர்வாகமே ஒரு எச்சரிக்கை விட்டது. ஹிலிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ பகுதிகளில் சில புதிய வீட்டுத் திட்டங்களுக்கு 2035 வரை மின் இணைப்புக் கிடைக்காமல் போகலாம் என்றது. தரவு மையங்கள் முதலில் வந்து மின்சாரத்தைப் பிடித்துவைத்ததுதான் முக்கிய காரணம். மூன்றுமே எங்கட சனம் நெருக்கமாக வாழ்கிற இடங்கள். வரிசையில் யார் முன்னுக்கு நிற்பது என்று முதலே எழுதி வைக்காவிட்டால், பணம் உள்ளவன் முன்னுக்கு நிற்பான். அதுதான் நடந்தது.

விமானி இல்லாத காலத்தை நினைத்தால் நிலத்தின் பங்கு இன்னும் கூடுகிறது. விமானி இருந்தால் கண்ணாடிக்கு வெளியே பார்த்து, தளத்தில் ஏதோ தடை என்று கண்டால் வேறு இடம் தேடுவார். அவர் இல்லாவிட்டால் அந்தக் கண்ணும் மூளையும் நிலத்தில் இருக்க வேண்டும்: கமரா, உணர்கருவி, காற்றளவி, தொடர்பு வலையமைப்பு, எல்லாம் நின்றால் இறங்க மாற்றுத் தளம். இதில் பாதி ஏற்கனவே நடக்கிறது. 2021 முதல் லண்டன் சிட்டி விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆளே இல்லை. 50 மீட்டர் கம்பத்தில் உள்ள கமராக்களின் படத்தைப் பார்த்துக்கொண்டு, தூர ஹம்ப்ஷயரில் உள்ள ஸ்வன்விக்கிலிருந்து விமானங்களை இறக்குகிறார்கள். ஒழுங்காகத்தான் போகிறது.

ஆனால் கணினிக்கும் சுகமில்லாத நாள் வரும். 2023 ஓகஸ்ட் 28, வங்கி விடுமுறை நாள். ஒரே ஒரு பறப்புத் திட்டத்தில் ஒரே குறியீடு கொண்ட இரண்டு வேறு இடங்கள் வந்தன. பிரித்தானிய வான் கட்டுப்பாட்டு முறைமை குழம்பி நின்றுவிட்டது. 700,000 பேருக்கு மேல் பயணம் பாதிக்கப்பட்டது. பெரிய விமானத்தில் சுற்றிக்கொண்டு நிற்க எரிபொருள் இருக்கும், அல்லது தரையிலேயே நிறுத்தி வைக்கலாம். பற்றரியில் பறக்கும் சின்ன விமானத்துக்கு அந்த அவகாசம் மிகக் குறைவு. இன்னொரு தளம் சில நிமிடத் தூரத்தில், வெறுமையாக, தயாராக இருந்தே ஆக வேண்டும். அந்த வெறுந்தளம் பள்ளிக்கூட மைதானமா, பூங்காவா, ஆற்றங்கரையா? இதைத்தான் அரசு மக்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் யாருக்காக என்று கேட்பதும் நியாயம். ஐந்து தரிப்பிடம் உள்ள ஒரு தளத்தில், ஒவ்வொரு விமானமும் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாலு பேரோடு கிளம்பினால் மணிக்கு 80 பேர். எலிசபெத் லைன் ரயில் ஒன்றில் மட்டும் 1,500 பேர் போகலாம். அதற்காக இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 இறுதியில் லண்டனில் கைஸ், சென்ட் தோமஸ் மருத்துவமனைகளுக்கு இடையே ட்ரோன் மூலம் இரத்த மாதிரிகள் அனுப்பும் சோதனை தொடங்கியது. வண்டியில் அரை மணித்தியாலம் எடுக்கக்கூடிய வேலை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. அப்படியான தேவைக்குத் தளம் கேட்டால் நான் முதல் ஆளாகக் கையெழுத்து வைப்பேன்.

இனி எங்கட விமான நிலையத்தின் கதைக்கு வருகிறேன். 1987 இல் சிட்டி திறக்கப்பட்டபோது, குறுகிய ஓடுபாதையில் இறங்கும், சத்தம் குறைந்த சின்ன விசிறி விமானங்கள் மட்டும்தான் வரும் என்றார்கள். 1992 இல் ஓடுபாதை நீண்டது, ஜெட் வந்தது. ஆண்டுக்கு 65 இலட்சம் பயணிகள் என்ற எல்லையை 90 இலட்சமாக்கக் கேட்டபோது 2023 இல் நியூஹாம் கவுன்சில் மறுத்தது. மேன்முறையீட்டில் 2024 ஓகஸ்டில் அமைச்சர்கள் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அதே தீர்ப்பில் சனிக்கிழமை பின்னேரப் பறப்புக்கு அவர்கள் அனுமதி கொடுக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் சனி மத்தியானம் 12.30 முதல் ஞாயிறு 12.30 வரை எங்கள் வானம் ஓய்கிறது. அந்த 24 மணித்தியாலத்தை யாரும் எங்களுக்கு இரக்கப்பட்டுத் தரவில்லை. அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனையாக எழுதியிருந்தது, அதை விட்டுக்கொடுக்க வேண்டாமென்று அயலவர்கள் எழுதிப் போராடினார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த அயலவர்களில் நான் இல்லை. கருத்துக் கேட்டு எங்கள் வீட்டுக்கும் கடிதம் வந்தது. பீட்சாக் கடை நோட்டீஸோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டேன். "உதுக்கு எழுதி என்ன வரப்போகுது" என்றுதான் நினைத்தேன். ஞாயிறு காலையில் முற்றத்தில் தேத்தண்ணியோடு அமைதியாக இருக்கும்போது இப்போது அது உறுத்துகிறது.

என் மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளைக் கண்டவர். சிட்டி விமானங்களின் இரைச்சல் அவருக்குப் பழகிவிட்டது. ஆனால் இரவில் பொலிஸ் ஹெலி வட்டமடித்தால் இன்றைக்கும் எழும்பி, ஜன்னலை விட்டு விலகி, மாடிப்படிக்குக் கீழே போய் நிற்பார். "ஒண்டுமில்லை மாமி, பொலிஸ்தான்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். இங்கே விமானச் சத்தத்தைப் பெரும்பாலும் பகலில் 16 மணித்தியாலச் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சராசரியில் ஒரு ஹெலி வட்டம் ஒன்றுமே இல்லை. மாமியின் நித்திரை அந்தக் கணக்கில் வராது. மின் விமானம் ஹெலியை விடச் சத்தம் குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, தாழப் பறக்கும் ஒன்றை எப்படி அளப்பது என்பதை, அது வருவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்க வேண்டியவை பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. முதல் தளங்கள் ஏற்கனவே உள்ள விமான நிலையங்களிலும் ஹெலித்தளங்களிலும் அமையட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பறப்பு, எத்தனை மணிக்கு நிறுத்தம் என்பது அனுமதியிலேயே எண்ணாக இருக்கட்டும். சராசரியோடு, ஒவ்வொரு பறப்பின் சத்தமும் எண்ணிக்கையும் அளக்கப்படட்டும். மின் இணைப்பு வரிசையில் வீடும் மருத்துவமனையும் முன்னுக்கு நிற்கட்டும். அவசரத் தளங்களின் வரைபடம் அயலவர் கையில் இருக்கட்டும். கருத்துக் கேட்கும் கடிதம் தமிழ், வங்காளம் பேசும் மூத்தவர்களுக்கும் விளங்கும்படி வரட்டும்.

கடைசியாக, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்று. உங்களில் எத்தனையோ பேர் பொறியியல், திட்டமிடல், சட்டம் படித்திருக்கிறீர்கள். விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும் அந்தத் திட்ட அறிவித்தலை ஒருமுறை நின்று வாசியுங்கள். பதில் எழுதக் குறைந்தது 21 நாள் தருவார்கள். அப்பா அம்மாவோடு மேசையில் இருந்து, அவர்கள் தமிழில் சொல்வதை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். என் மகள் இப்போது கவுன்சிலின் திட்டப் பிரிவு இணையப் பக்கத்தில் பெயர் பதிந்து வைத்திருக்கிறாள். எங்கள் தெருவைத் தொடும் விண்ணப்பம் எது வந்தாலும் மின்னஞ்சல் வரும். அடுத்த தரம் நாங்கள் இருவரும் பதில் எழுதுவோம், மாமி சொல்வதையும் சேர்த்து.