மாட்டுக்கு ஊறுகாய்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது வீட்டுத் திண்ணையில் இரண்டு மஞ்சள் பைகள் வந்து இறங்கின. சற்று நேரத்துக்கெல்லாம் கூடம் முழுவதும் ஒரு புளித்த வாசனை பரவிற்று. அடுத்த வீட்டு நண்பர் மதிற்சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன வாத்தியாரே, வீட்டிலேயே கள் இறக்க ஆரம்பித்துவிட்டீரோ?" என்று விசாரித்தார். மதுவிலக்கைப் பற்றி இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கும் நமக்கு அந்தக் கேள்வி தூக்கிவாரிப் போட்டது. பைகளைப் பிரித்துக் காட்டி நமது மானத்தைக் காப்பாற்றிக்கொண்டோம். உள்ளே இருந்தது மாட்டுத் தீவனம்!

கொண்டுவந்தவர் முன்பு நம்மிடம் படித்த ஒரு பையனின் தாயார். காங்கயம் சாலையிலுள்ள ஒரு சிற்றூர்க்காரர். திருப்பூரில் பத்து வருஷ காலம் பனியன் கம்பெனியில் கைமடியாக வேலை செய்தவர். ஒன்றரை ஷிப்ட் நின்று நின்று கால் வீங்கிப்போகவே, கைச்சேமிப்பைப் போட்டு இரண்டு கலப்பினப் பசுக்களை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

"ஏனுங்க வாத்தியாருங்க, இது கட்டுக் கட்டா வெலைக்கு வர்ற தீவனமுங்க. இது பக்கத்துத் தோட்டத்துல குழி போட்டு எடுத்ததுங்க. ரெண்டுல எது கட்டுப்படியாகும்னு நீங்கதான் கணக்குப் போட்டுச் சொல்லோணும். ரெண்டும் ஆகாதுன்னா, மாசி பொறந்ததும் ஒரு மாட்டை வித்துப்போட்டு மறுபடியும் கம்பெனிக்கே போயிர்றேனுங்க."

வகுப்பறையில் எத்தனையோ கணக்குகள் போட்டிருக்கிறோம். தொட்டியில் தண்ணீர் நிரம்பும் கணக்கு. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் சந்திக்கும் கணக்கு. ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய கணக்கு நம்மிடம் வந்தது இதுதான் முதல் தடவை.

விஷயம் தெரியாத நேயர்களுக்காக இரண்டொரு வார்த்தை. திருப்பூர், காங்கயம், தாராபுரம் சுற்று வட்டாரம் மலை மறைவுப் பிரதேசம். வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழைதான். இதை அறிந்த முன்னோர்கள் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளை வைத்தார்கள். மழைக்குக் கொழுக்கட்டைப் புல். கோடைக்கு வெள்வேல மரத்தின் காய். இவற்றோடு, மாரியில் விளைந்த சோளத்தட்டைப் போராக அடுக்கிவைத்தார்கள். உழவுக்கும் வண்டிக்கும் பேர் பெற்ற காங்கயம் மாடு இவற்றைத் தின்றே வளர்ந்தது. ஆனால் பாலுக்காக வந்த கலப்பினப் பசுவோ, வெறும் தட்டைப் போட்டால் வெறும் மடியைக் காட்டுகிறது. கோடையிலும் அதற்குப் பச்சை வேண்டும். பச்சைக்கு எங்கே போவது? 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை.

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் ஊறுகாய்ப் புல். கடைக்காரர்கள் 'சைலேஜ்' என்பார்கள். 1877-இல் பிரெஞ்சுக்காரரான கோஃபார் என்பவர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தீவனத்தைப் பதப்படுத்தும் முறைக்காகப் பின்லாந்து தேசத்து விர்த்தானனுக்கு 1945-இல் ரசாயன நோபெல் பரிசே கிடைத்தது. ஆயினும் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இதன் தத்துவம் முன்பே தெரியும். மாங்காயை நறுக்கி, ஜாடியில் காற்றுப் புகாமல் அழுத்தி, வேடு கட்டி வைக்கிறார்கள் அல்லவா? அதே காரியந்தான். மக்காச்சோளத்தைக் கதிரோடு வெட்டி, ஓர் அங்குலத்துக்கு மேற்படாமல் நறுக்கி, காற்று இல்லாமல் மிதித்து மூடிவிட்டால், அதிலுள்ள சர்க்கரையை நுண்கிருமிகள் புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பே தீவனத்தைக் காக்கிறது. நாற்பத்தைந்து நாளில் திறக்கலாம். காற்றுப் புகாதவரை கெடாது.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழி வெட்டியோ சுவர் எழுப்பியோ மொத்தமாகக் குவித்து மூடுவது. மற்றொன்று, யந்திரத்தால் கட்டாக இறுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பல சுற்றுச் சுற்றி விற்பது. இனி, கணக்குக்கு வருவோம். விலைவாசி ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கீழே நாம் எடுத்துக்கொண்டிருப்பவை கணக்குக்காக வைத்த விலைகளே. நேயர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பசு, பசுவுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ, மாசிக் கடைசியிலிருந்து 120 நாள். ஆக, மாடுகளின் வாய்க்குள் போகவேண்டியது 3,600 கிலோ.

கட்டு வீடு வந்து சேரக் கிலோ 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எலியும் காக்கையும் தாளைக் கிழித்துக் கெட்டுப்போவது நூற்றுக்கு மூன்று. மொத்தச் செலவு ஏறக்குறைய 29,700 ரூபாய்.

குழிக்கு வருவோம். வயலில் நிற்கும் பயிர் கிலோ 3 ரூபாய். வெட்டவும் நறுக்கவும் மிதிக்கவும் 1 ரூபாய் 20 காசு. குழியும் விரிப்பும் 50 காசு. ஆகக் கிலோ 4 ரூபாய் 70 காசு. "பார்த்தீர்களா! பாதி விலைதான்!" என்று இங்கேயே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் அநேகர். நாமும் முதலில் அப்படித்தான் வைத்தோம்.

ஆனால் அந்த அம்மாள் வைக்கவில்லை. "குழியில போட்டதெல்லாம் மாடு திங்காதுங்களே! துணியில வேஸ்ட் போக எத்தனை பீஸ் தேறுதுன்னுதானுங்க கட்டிங் மாஸ்டரு பார்ப்பாரு?" என்றார்.

பட்டம் பெற்ற நாம் வெட்கப்பட்டோம். பனியன் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது. கிலோத் துணி என்ன விலை என்பதல்ல. அதில் எத்தனை பனியன் தேறும் என்பதே கேள்வி. அதுபோலவே, குழியில் போட்ட கிலோவை விட்டு, மாடு தின்ற கிலோவைக் கணக்கிட வேண்டும்.

நன்றாக மிதித்து நன்றாக மூடிய குழியிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போய்விடும் என்று கொள்வோம். 3,600 கிலோ தேற 4,091 கிலோ போடவேண்டும்; செலவு சுமார் 19,200 ரூபாய். அசட்டையாகப் போட்டு நூற்றுக்கு முப்பது கெட்டால், போடவேண்டியது 5,143 கிலோ. செலவு சுமார் 24,200 ரூபாய்.

இதோடு முடிந்ததா? இல்லை. கட்டைப் பால் பணம் வரும்போது ஒவ்வொன்றாக வாங்கலாம். குழிக்கோ, தை மாதத்தில் ஒரே நாளில் பணம் முழுவதும் எண்ணி வைக்கவேண்டும். கையில் இல்லாதவர்கள் கடன் வாங்குவார்கள். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால், ஆறு மாதத்துக்கு 18 ரூபாய். அதையும் சேர்த்தால் நல்ல குழி 22,700 ரூபாய்; மோசமான குழி 28,500 ரூபாய். கட்டுக்கும் நல்ல குழிக்கும் வித்தியாசம் 7,000 ரூபாய். கட்டுக்கும் மோசமான குழிக்கும் வித்தியாசம் வெறும் 1,200 ரூபாய்! அந்த 1,200 ரூபாய்க்காகப் பூஞ்சை பிடித்த தீவனத்தை மாட்டுக்குப் போட்டவர், வைத்தியருக்கு அதைவிட அதிகம் கொடுப்பார்.

பூஞ்சை என்றதும் பட்டணத்து நேயர்கள், "அது மாட்டுக்காரர் பாடு" என்று இருந்துவிட வேண்டாம். சில பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சு மாட்டின் வயிற்றோடு நில்லாமல் பாலிலும் இறங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தேசமெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-இல் இந்த நஞ்சு வரம்புக்கு மேல் இருந்தது. தமிழகத்தின் 551 மாதிரிகளில் 88! இது தீவனத்தின் வழியாகவே பாலில் சேருகிறது என்று அந்த ஆணையமே சொல்லிற்று. காலைக் காப்பியில் கலப்பது எந்த மாட்டுக்காரர் எந்தத் தீவனத்தைப் போட்டது என்பதை நாம் அறியோம்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. இளம்பயிரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரைக் கிணற்றில் இனாமாக எடுக்கலாமே, கிலோ 8 ரூபாய் கொடுத்து ஏன் வாங்கவேண்டும்? நூறு கிராம் தீவனத்தை மொறமொறவென்று காயவைத்து நிறுத்துப் பாருங்கள். 32 கிராம் நின்றால் சரக்கு நல்லது. 22 கிராம் என்றால் நீங்கள் வாங்கியது தண்ணீர்ப் பந்தல். 32 நிற்கும் நல்ல கட்டில், காய்ந்த சத்து கிலோ 25 ரூபாய் 80 காசு ஆகிறது. கடனும் வட்டியும் சேர்ந்த நல்ல குழியில் 19 ரூபாய் 70 காசு. அதே குழியில் பயிரை அவசரப்பட்டு இளசாக வெட்டிப் போட்டால், 28 ரூபாய் 60 காசு! மணி பாதி இறுகும்வரை பத்து நாள் பொறுக்காத குற்றத்துக்கு இவ்வளவு அபராதம். தவிர, அந்த ஈரம் குழியிலிருந்து கசிந்து பக்கத்துக் கிணற்றையும் கெடுக்கும்.

"அப்படீன்னா நல்லாக் குழி போட்டாத் தீந்துதுங்களே?" என்றார் அந்த அம்மாள். நாமும் அப்படியே சொல்லத்தான் இருந்தோம். ஆனால் வாய்ப்பாடு குறுக்கே வந்தது.

குழியைத் திறந்தபின் காற்றுப் படும் முகம் புளிப்பு மாறிச் சூடேறுகிறது. நம் ஊர் வெயிலில் தினம் அரையடியாவது வெட்டி எடுத்துக்கொண்டே போனால்தான் தப்பும். நன்றாக மிதித்த தீவனம் கன அடிக்குச் சுமார் 17 கிலோ இருக்கும். இரண்டு மாட்டுக்குத் தினம் 30 கிலோ என்றால் ஒன்றே முக்கால் கன அடி. அரையடி வீதம் எடுக்கவேண்டுமானால், குழியின் முகம் மூன்றரைச் சதுர அடிதான் இருக்கலாம். அதாவது இரண்டடி அகலம், இரண்டடிக்கும் குறைந்த உயரம். அதற்குள் எந்த ஆள் இறங்கி மிதிப்பது? பூனை வேண்டுமானால் மிதிக்கலாம். அகலமாக வெட்டினால் முகம் கெடும்; நூற்றுக்கு முப்பது நஷ்டம் வருவது இப்படித்தான். ஆகவே, இரண்டு மாடு உள்ளவருக்குக் கட்டே மேல். கட்டைப் பிரித்தாலும் சில நாளில் தீர்த்துவிடவேண்டும். ஆகையால் சிறு கட்டாக வாங்குவது நலம். சொந்தப் பயிர் இருந்தால், காற்றுப் புகாத பைகளிலோ மூடியுள்ள பீப்பாயிலோ தாமே அழுத்தி வைத்துக்கொள்ளலாம். பத்து மாடு உள்ளவருக்குத் தினம் 150 கிலோ. அவர் ஐந்தடி அகலம், மூன்றரையடி ஆழம் வெட்டலாம், ஆள் இறங்கி மிதிக்கலாம், தீவனமும் கெடாது. அவருக்குக் குழியே மேல்.

இந்தக் கணக்கைக் கேட்டபோது நமக்கு ஒரு பழைய வருத்தம் மேலிட்டது. பத்து மாடு உள்ளவருக்கு மலிவு. இரண்டு மாடு உள்ளவருக்குக் கிராக்கி! இருக்கிறவனுக்கே மேலும் இருக்கும் என்பதுதான் உலக நியதியா? கட்டிலும் ஒரு வரவு வைக்காத செலவு உண்டு. சுற்றிய தாளை என்ன செய்கிறோம்? வேலியில் விடுகிறோம், ஒரு நாள் மாடே அதைத் தின்கிறது. பில்லில் எழுதாத செலவை யார் தலையிலோ கட்டுவதில் நம் ஊருக்குப் பழக்கம் உண்டு. சாயத் தண்ணீரின் செலவை நொய்யலின் தலையில் கட்டினோம். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் அந்தப் பில் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

அப்போது அந்த அம்மாள் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "எங்க வளவுல ரெண்டு ரெண்டா மாடு வெச்சிருக்கறவீங்க எங்களோட அஞ்சு ஊடுங்க. ஆக மொத்தம் பத்து மாடுங்களே?"

நாம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டோம். ஐந்து வீட்டுக்கு எழுபதடி நீளத்தில் ஒரே வாய்க்கால்; அல்லது முப்பத்தைந்தடியில் இரண்டு. நறுக்கும் யந்திரத்துக்கு ஒரே நாள் வாடகை. குடும்பத்துக்கு 7,000 ரூபாய் மிச்சம். ஐந்து குடும்பத்துக்கு 35,000 ரூபாய். 1946-இல் குஜராத்தின் கேடா ஜில்லாவில் இரண்டு மாட்டுக்காரர்கள் கூடித்தானே தேசமே வியக்கும் பால் கூட்டுறவைத் தொடங்கினார்கள்?

ஆனால் நாம் உபதேசியாராக மட்டும் இருந்துவிடக் கூடாது. கூட்டுக் குழி எதனால் இடிந்து விழும் என்பது நமக்குத் தெரியும். மண் சரிந்து விழுவது அபூர்வம். "அவள் ஒரு கூடை அதிகம் எடுத்தாள்" என்ற பேச்சில்தான் அது விழும். ஆகவே, மூன்று விதிகளை எழுதிக் கொடுத்தோம். தினம் ஒரே வேளையில், எல்லாருக்கும் முன்னால் திறக்கவேண்டும். கூடைக் கணக்கு வேண்டாம். தராசுக் கணக்கு வேண்டும். பூஞ்சை பிடித்ததை யார் பங்கிலும் சேர்க்காமல், எல்லாருடைய நஷ்டமாக எருக்குழியில் கொட்டவேண்டும்.

அந்த அம்மாள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்து வீட்டில் ஒரு வீட்டாரோடு அவருக்கு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். "மாட்டுக்காகப் பேசிப் பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நாம் போட்ட கணக்கில் அந்த ஒரு வார்த்தைக்கு இடமே இல்லை. அவர் அதைப் பேசிவிட்டால், தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசுக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார நாம் சித்தமாயிருக்கிறோம். பேச முடியாமற் போனால், மாசியில் ஒரு பசு சந்தைக்குப் போகும். ஒரு தாயார் மறுபடியும் ஒன்றரை ஷிப்ட் நிற்பார்.